பறங்கிக்காய் விளக்கு

அக்டோபர்த் திங்களின் கடைசி வாரத்தில் முலுண்டிலுள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு எதனுள் நுழைந்தாலும், மின்தூக்கியின் கதவிலே கறுப்புக் காகிதத்தால் வெட்டிய வௌவால் ஒன்றாவது ஒட்டியிருப்பதைக் காணலாம். ஹாலோவீன் என்னும் மேனாட்டுப் பண்டிகை பள்ளிகளின் வழியாகவும் தொலைக்காட்சியின் வழியாகவும் நம் குழந்தைகளிடம் வந்து சேர்ந்திருக்கிறது. “தீபாவளி வாசலில் நிற்கும்போது பேய்க்கு என்ன விழா?” என்று நம்மவர்களில் மூத்தோர் சிலர் முகம் சுளிப்பதுண்டு. 2024-ஆம் ஆண்டில் நரக சதுர்த்தசியே அக்டோபர் 31 அன்று வந்தது. விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்த குழந்தைகள் மாலையில் முகமூடி மாட்டிக் கொண்டனர். இரண்டுக்கும் ஒரே நாள் போதுமானதாக இருந்தது.

இப்பண்டிகை கிறிஸ்தவர்கள் நவம்பர் 1 அன்று கொண்டாடும் புனிதர் அனைவர் திருநாளுக்கு முன்னிரவு. மறுநாளாகிய நவம்பர் 2 இறந்தோர் நினைவு நாள். அன்று பம்பாயின் கத்தோலிக்கக் குடும்பங்கள் கல்லறைகளுக்கு மலரும் மெழுகுவத்தியும் கொண்டு செல்வதை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். மகாளய அமாவாசைக்கு எள்ளும் நீரும் இறைக்கும் நமக்கு இதிலே விளங்காதது ஒன்றுமில்லை. ஆகவே, குழந்தை கேட்கும்போது கூடாது என்று தடுப்பதினும், கடையில் விற்கும் பிளாஸ்டிக் பேய்களை வாங்கிக் கொடுப்பதினும், வீட்டிலே அதன் கையால் செய்ய விடுவது நலம் என்பது என் கருத்து. எங்கள் வீட்டில் அப்படித்தான் தொடங்கிற்று.

ஹாலோவீனுக்கு வேண்டிய முதற்பொருள் முகம் செதுக்கிய விளக்கு. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் முன்னாளில் இதனை டர்னிப் கிழங்கைக் குடைந்து செய்தனர். அம்மக்கள் அமெரிக்காவில் குடியேறியபோது அங்கே பெரிதாய், மெதுவாய், குடைவதற்கு எளிதாய் ஒரு காய் கிடைத்தது. அதுதான் நம் பறங்கிக்காய். அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிய அந்தக் காய், ஐரோப்பியர் கடல் கடந்து வந்தபின் நம் நாட்டுக்கும் வந்தது. பறங்கியர் கொண்டு வந்தமையால் பறங்கிக்காய் என்பர். கோவைப் பக்கத்தார் அரசாணிக்காய் என்கின்றனர். சென்னையார்க்கு அது மஞ்சள் பூசணி. முலுண்ட் மார்க்கெட்டில் அது ‘லால் போப்ளா’. இத்தனை ஊர் சுற்றிய காயை அந்நியம் என்று ஒதுக்க, ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கும் நமக்கு உரிமை உண்டா என்பது ஐயமே.

காய்க்கு முகம் வரைவதும் நமக்குப் புதிதன்று. புதுமனை கட்டும்போது வெண்பூசணியில் கோரைப் பல்லும் உருட்டு விழியுமாய் அரக்க முகம் எழுதித் திருஷ்டிக்குக் கட்டித் தொங்கவிடுகிறோம். நாம் எழுதுகிறோம், அவர்கள் செதுக்குகிறார்கள். இதைச் சொன்னவுடன் ஒன்பது வயதான என் மகள், அப்படியானால் எங்கள் விளக்குக்கு மீசை வேண்டும் என்றாள். மீசையும் வைத்தோம்.

முலுண்டில் பறங்கிக்காயைப் பெரும்பாலும் கீற்றுக் கீற்றாகவே விற்பார்கள். முந்தின நாளே சொல்லிவைத்து, ஒன்றரை அல்லது இரண்டு கிலோ எடையில் முழுக்காயாக வாங்குதல் வேண்டும். காம்பைச் சுற்றி மூடிபோல வெட்டி எடுக்கும்போது கத்தியைச் சற்றே சாய்த்துப் பிடிக்க வேண்டும். நேராக வெட்டினால் மூடி உள்ளே விழுந்துவிடும். இந்த வேலையும் முகம் வெட்டும் வேலையும் பெரியவர்களுடையவை. பேனாவால் முகம் வரைவதும், கரண்டியால் உள்ளே சுரண்டுவதும் குழந்தைகளுடையவை. மெழுகுவத்தி ஏற்றுவதாயின் புகை போக மூடியில் ஒரு துளை இட வேண்டும். பாட்டரியால் எரியும் சிறு விளக்கு இன்னும் பத்திரமானது. பம்பாயின் அக்டோபர் வெயிலில் இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் காய் தாங்காது. ஆகையால் முன்கூட்டிச் செய்து வைத்துவிடலாகாது.

எங்கள் வீட்டில் மூடியைத் திறந்ததும் மகள் கேட்டாள்: “அப்பா, உள்ளே கட் பண்ணட்டுமா?”

“கட் பண்ணாதே அம்மா, குடை.”

“குடையா? மழையே இல்லையே!”

சிரித்தோம். ஆனால் அன்றிரவு அதை நினைத்துக்கொண்டிருந்தேன். என் தொழில் மொழிபெயர்ப்பு. அரசாங்கச் சுற்றறிக்கைகளைத் தமிழாக்கி நாள் கழிப்பவன் நான். என் மகளோ தமிழைப் புரிந்துகொள்கிறாள், தமிழில் விடை கூறுவது அருமை. அவளுக்குக் கத்தியைக் கொண்டு செய்யும் செயல் எல்லாம் ஒரே ‘கட் பண்ணு’தான். நமக்கோ கீரையை அரிய வேண்டும், வெண்டைக்காயை நறுக்க வேண்டும், மாங்காயைக் கீற வேண்டும், தேங்காயைத் துருவ வேண்டும், கத்தரிக்காயை வகிர வேண்டும், கொழுந்தைக் கிள்ள வேண்டும், தோலைச் சீவ வேண்டும். அகராதியைத் திறந்து வைத்து இவற்றை ஒரு குழந்தைக்குக் கற்பிக்க இயலாது. நானே முயன்று தோற்றவன். ஆனால் அந்த ஒரு பறங்கிக்காயிலே குடைதல், சுரண்டுதல், செதுக்குதல், சீவுதல், துருவுதல் என ஐந்து சொற்கள் அவள் கைக்கு வந்துவிட்டன. மறுநாள் தாயிடம், “நான் சுரண்டினேன், அப்பா செதுக்கினார்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வினை பிழையின்றி வந்தது.

குடைந்தெடுத்த சதையை எறிய வேண்டாம். எங்கள் மேல்மாடியில் இருக்கும் மராத்திய ஆஜி கற்றுத்தந்த பலகாரம் ‘கார்கே’. துருவிய பறங்கிக்காய் ஒரு கிண்ணம், வெல்லம் முக்கால் கிண்ணம் இரண்டையும் சேர்த்து, காய் வேகும்வரை கிளறி ஆறவிட வேண்டும். ஏலக்காய்ப் பொடியும் ஒரு சிட்டிகை உப்பும் இட்டு, அது கொள்ளுமட்டும் கோதுமை மாவைச் சேர்த்துப் பிசைய வேண்டும். நீர் விடலாகாது, காயின் ஈரமே போதும். பூரியைவிடச் சற்றுக் கனமாகத் தட்டி எண்ணெயில் பொரித்தெடுத்தால் இரண்டு நாள் கெடாது. பிசைவதும் தட்டுவதும் குழந்தைகள் செய்யலாம், அடுப்பருகே மட்டும் விடலாகாது. அந்த ஆஜி பலகாரத்தோடு ஒரு கதையும் சொன்னார். மகள் வீட்டுக்குப் புறப்பட்ட கிழவி ஒருத்தி, காட்டு விலங்குகளை ஏமாற்றிப் போப்ளாவுக்குள் அமர்ந்து உருண்டு ஊர் திரும்பும் கதை. மராத்தியக் குழந்தைகள் எல்லோரும் அறிந்தது. அதைத் தமிழில் எனக்குத் திருப்பிச் சொல்லும் பணியை மகளிடம் ஒப்படைத்தேன். கிழவி உருண்டாள் என்பதற்கு ‘ரோல் ஆனாள்’ என்றுதான் முதலில் வந்தது.

அடுமனை அடுப்பு இல்லாத வீட்டிலும் பிஸ்கோத்து சுடலாம். கனமான வாணலியில் இரண்டு கிண்ணம் உப்பைப் பரப்பி, மேலே ஒரு தாங்கி வைத்து, மூடிப் பத்து நிமிடம் சூடாக்க வேண்டும். மைதா ஒரு கிண்ணம், பொடித்த சர்க்கரை அரைக் கிண்ணம், நெய் அரைக் கிண்ணம், சிட்டிகை சமையல் சோடா ஆகியவற்றைப் பிசைந்து எலுமிச்சை அளவு உருட்டித் தட்டையாக்கினால் நானகட்டாய். நெய் தடவிய தட்டில் இடம் விட்டு அடுக்கித் தாங்கியின்மேல் வைத்து மூடி, சிறு தீயில் இருபது அல்லது இருபத்தைந்து நிமிடம் வைத்தால் வெந்துவிடும். சூட்டோடு எடுத்தால் உதிரும், ஆறிய பின்னரே எடுக்க வேண்டும். வாணலியில் வைக்குமுன், குழந்தைகள் இரண்டு கிராம்பைக் கண்ணாகவும், தோல் நீக்கிய பறங்கி விதையைப் பல்லாகவும் பதித்துப் பேய் முகம் ஆக்கிக்கொள்வார்கள். தின்னுமுன் கிராம்பை எடுத்துவிடச் சொல்லுங்கள். நாங்கள் சொல்ல மறந்தோம், மூன்று வீட்டுக் குழந்தைகள் அழுதன.

மிகுந்த விதைகளைக் கழுவிக் காயவைத்து உப்பிட்டு வறுத்தால் மாலைநேரத் தின்பண்டம். ஆயினும் நாலைந்து விதைகளை வறுக்காமல் எடுத்து வைத்து, வெயில் படும் சன்னலோரம் பெரிய தொட்டியில் ஊன்றிவிடுங்கள். கொடி கம்பியைப் பற்றிக்கொண்டு ஏறும். தொட்டியில் காய் பிடிப்பது அரிது. ஆனால் ஏழெட்டு வாரத்தில் மஞ்சள் பூக்கள் வரத் தொடங்கும். அக்டோபர் 31-க்குப் பின் ஏழெட்டு வாரம் என்றால் மார்கழி. வாசற்கோலத்தின் நடுவில் வைக்கப் பறங்கிப்பூ தேடி மாட்டுங்கா வரை போகவேண்டியதில்லை.