அடிகளை ஆக்கிய நூல்கள்



உடலை வளர்ப்பது உணவு. உள்ளத்தை வளர்ப்பது நூல். உண்ட உணவு செரித்துக் குருதியாதல் வேண்டும். கற்ற நூலும் அவ்வாறே செரித்து வாழ்க்கையாதல் வேண்டும். செரியாத உணவு நோயாகும். செரியாத கல்வி செருக்காகும். நூல்களைப் படித்தோர் எண்ணிறந்தோர். படித்த நூல்களால் தம்மையே மாற்றிக்கொண்டோர் மிகச் சிலர். அச் சிலருள் தலைநின்றவர் மறைமலையடிகள்.

தனித்தமிழ் இயக்கத்தின் தந்தை என்று அடிகளைப் போற்றாத தமிழன்பர் இலர். ஆயின், அவர் தனித்தமிழை வந்தடைந்த வழி யாது என்று உசாவியோர் எத்துணைப் பேர்? அது மேடைவழி அன்று. வெறுப்பின் வழியும் அன்று. அது நூல்களின் வழி. நாகையின் ஒரு பொத்தகக் கடையில் தொடங்கி, பல்லாவரத்தின் ஒரு நூல்நிலையத்தில் முடிந்த நெடுவழி.

அடிகள் 15-7-1876இல் நாகப்பட்டினத்தில் சொக்கநாதருக்கும் சின்னம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் வேதாசலம். தந்தையார் மருத்துவர், மகனின் இளமையிலேயே மறைந்தார். நாகையின் வெசுலியன் பள்ளியில் பயின்ற சிறுவனின் பள்ளிப்படிப்பு ஒன்பதாம் வகுப்போடு நின்றது. பட்டம் இல்லை, பொருள் இல்லை, தாயின் அரவணைப்பு ஒன்றே இருந்தது.

பள்ளிக் கதவு மூடிய அவ் வேளையில் வேறொரு கதவு திறந்தது. நாகையில் நாராயணசாமி என்னும் புலவர் பொத்தகக் கடை வைத்திருந்தார். பிறர் நூலை விற்றுப் பிழைத்தனர். அவரோ நூலை விற்றதோடு கற்பிக்கவும் செய்தார். அக் கடையே அடிகளுக்குக் கல்லூரியாயிற்று. அவரிடம் தொல்காப்பியம் முதலிய இலக்கணங்களையும் பழைய இலக்கியங்களையும் அடிகள் முறையாகப் பாடங்கேட்டார்.

அடிகள் பிறந்த காலத்தின் அருமையை இங்கு நினைந்து பார்த்தல் வேண்டும். தொல்காப்பியப் பொருளதிகாரம் நச்சினார்க்கினியர் உரையுடன் யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரனாரால் 1885இல் அச்சேறியபோது அடிகளுக்கு அகவை 9. அவரே கலித்தொகையையும், உ.வே. சாமிநாதர் சிந்தாமணியையும் 1887இல் வெளியிட்டபோது அகவை 11. பத்துப்பாட்டு வெளிவந்த 1889இல் அகவை 13. சிலப்பதிகாரம் 1892இல் வந்தபோது 16. புறநானூறு 1894இல் வந்தபோது 18. செல்லரித்த ஏடுகளில் புதைந்து கிடந்த தமிழனின் உடைமை ஒவ்வொன்றாக வெளியேறிய அதே ஆண்டுகளில் இவர் ஒவ்வோர் அகவையாக வளர்ந்தார். முப்பதாண்டு முன்னர்ப் பிறந்திருந்தால் இவற்றுட் பலவற்றை அவர் இளமையில் கண்ணாற் கண்டிருக்கவும் இயலாது. சுவடி தேடிய அப் பெருமக்கள் தம் கண்ணொளியையும் கைப்பொருளையும் செலவிட்டது, எங்கோ ஒரு கடையின் மூலையில் அமர்ந்து படிக்கப்போகும் முகமறியாத ஒரு சிறுவனுக்காகவே என்று சொன்னால் அது மிகையாமோ?

அச் சிறுவன் அந் நூல்களை எவ்வாறு படித்தான்? இருபத்தோர் அகவைக்குள் தொல்காப்பியம், திருக்குறள், திருச்சிற்றம்பலக்கோவையார் ஆகிய மூன்றையும் முழுமையாக நெட்டுருச் செய்ததாக அடிகளே எழுதியிருக்கின்றார். கலித்தொகையிலும் பத்துப்பாட்டிலும் பெரும்பகுதி அவர் உள்ளத்தில் பதிந்திருந்தது. ஒரு நூலை ஒருமுறை புரட்டிவிட்டு அடுத்ததற்குத் தாவும் பழக்கம் அவரிடம் இல்லை. வேண்டும்போது ஒரு சொல் நாவில் வந்து நிற்க வேண்டுமானால், அச் சொல் முன்னரே நெஞ்சில் குடியேறியிருத்தல் வேண்டும். பிற்காலத்தில் அவர் கைவண்ணத்தில் மலர்ந்த தனித்தமிழ்க்கு இட்ட உரம் இந் நெட்டுருவே என்க.

பழைய நூல்கள் அவருக்கு வேர் ஆயின என்றால், புதிய நூலொன்று அவருக்குச் சிறகு தந்தது. அது சுந்தரனார் இயற்றி 1891இல் வெளியிட்ட மனோன்மணீயம். தமிழில் புதுமுறையில் நாடகம் படைக்க இயலும் என்பதற்குச் சான்றாக நின்ற அந் நூலைப் படித்துத் திளைத்த இளைஞர், தம் உவகையைப் பாட்டு மடலாக எழுதித் திருவனந்தபுரத்திற்கு விடுத்தார். சுந்தரனாரும் இளமையில் அதே நாராயணசாமிப் புலவரிடம் தமிழ் பயின்றவர். மடலைக் கண்டு வியந்த அப் பேராசிரியர் இளைஞரை அழைத்தார். 1895இல் ஆசிரியரும் மாணாக்கருமாகத் திருவனந்தபுரம் சென்றனர். பட்டம் பெறாத இருபதகவைக்கும் உட்பட்ட இளைஞரின் புலமையைக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் பாராட்டிச் சான்று நல்கினார். ஒரு நூல் தன் ஆசிரியரையும் படிப்பவரையும் ஓரவையில் அமர்த்திய காட்சி இது.

மூன்றாவது ஊற்று சிவனியக் கொண்முடிபு நூல்கள். அவற்றின்பால் அடிகளை ஆற்றுப்படுத்தியவர் சூளைச் சோமசுந்தரர். அவர் 1901இல் மறைந்தபோது அடிகள் பாடிய சோமசுந்தரக் காஞ்சி, நன்றியறிதலின் நிலைத்த அடையாளம். திருவாசகத்தின்மேல் அடிகள் கொண்ட ஈடுபாடோ வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது. பல்லாண்டு உழைத்து 1930இல் அவர் வெளியிட்ட மாணிக்கவாசகர் வரலாறும் காலமும் என்னும் பெருநூல் அதன் விளைவு. அந் நூலில் அவர் கண்ட கால முடிபினை ஆராய்ச்சியாளர் பலர் ஒப்புக்கொள்ளவில்லை என்பது உண்மை. ஆயினும், காதலித்த ஒரு நூலுக்காக ஒருவர் எத்துணை உழைக்கக்கூடும் என்பதற்கு அஃது ஒப்பற்ற சான்றன்றோ?

1898இல் அடிகள் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். ஆங்குப் பரிதிமாற் கலைஞர் உடனாசிரியர். மாணவர்க்குப் பாடமாக இருந்த முல்லைப்பாட்டுக்கு 1903இலும், பட்டினப்பாலைக்கு 1906இலும் அடிகள் ஆராய்ச்சியுரை எழுதினார். முல்லைப்பாட்டு 103 அடி. பட்டினப்பாலை 301 அடி. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அடிகளை அங்குமிங்குமாக இணைத்துப் பொருள் கூறியிருந்தார். புலவன் வைத்த முறையே பாட்டின் இயற்கை என்று துணிந்து, அம் முறையிலேயே பொருள் கண்டார் அடிகள். தாம் போற்றிய உரையாசிரியரையே மறுக்கும் ஆண்மை அவருக்கு எங்கிருந்து வந்தது? ஆங்கில இலக்கியத் திறனாய்வு நூல்களை ஆழக் கற்றதனால் வந்தது.

இவ்விடத்தில் தனித்தமிழன்பர் சற்றே நின்று எண்ணுதல் வேண்டும். அடிகள் ஆங்கிலத்தை வெறுத்தவர் அல்லர். அடிசனின் கட்டுரைகளைச் சுவைத்து, அவற்றைத் தழுவி 1908இல் கட்டுரைத் தொகுப்பொன்றை வெளியிட்டவர். ஆங்கிலப் புதினமொன்றைத் தழுவிக் குமுதவல்லியைப் படைத்தவர். வடமொழியையும் அறியாதவர் அல்லர். அதனை முறையே கற்றுக் காளிதாசரின் சாகுந்தலத்தை மூலத்திலிருந்தே 1907இல் தமிழாக்கியவர். மும்மொழி நூல்களையும் துறைபோகக் கற்றவர்தாம் தமிழ் தனித்து இயங்கவல்லது என்றார். அறியாமையால் அவர் அவ்வாறு கூறவில்லை. அறிந்து, ஒப்பிட்டு, நிறுத்துப் பார்த்தே கூறினார். அறியாதவன் ஒதுக்குவது அச்சம்; அறிந்தவன் ஒதுக்குவது தெளிவு.

1911இல், பல்கலைக்கழகத்தின் புதிய ஏற்பாட்டால் தமிழ் கட்டாயப் பாடமாக இல்லாது போகவே, அடிகள் கல்லூரியை நீங்கினார். பல்லாவரத்திற் குடியேறித் துறவு பூண்டார். 1916ஆம் ஆண்டு. அடிகளுக்கு அகவை 40. தம் மகளார் நீலாம்பிகையுடன் தோட்டத்தில் உலவிய பொழுது வள்ளலாரின் திருவருட்பாப் பாட்டொன்றைப் பாடினார். அப் பாட்டில் 'தேகம்' என்றொரு சொல் வருகின்றது. அவ்விடத்தில் 'யாக்கை' என்னும் தமிழ்ச்சொல் நின்றிருந்தால் பாட்டின் இனிமை இன்னும் மிகுந்திருக்கும் என்றார் தந்தையார். அவ்வாறாயின் இனி நாம் தனித்தமிழிலேயே பேசவும் எழுதவும் வேண்டும் என்றார் மகளார். ஒரு வீட்டுத் தோட்டத்தில் எழுந்த அவ்வுரையாடலே ஓர் இயக்கமாயிற்று.

இந் நிகழ்ச்சியை எல்லாரும் மேடைதோறும் கூறுகின்றனர். ஆனால் அதன் உட்கிடையைக் கூறுவோர் குறைவு. 'தேகம்' என்பது வேற்றுச்சொல் என்று காண்பதற்குச் செவி போதும். 'யாக்கை' என்று அந்நொடியே மாற்றுச்சொல் தருவதற்கோ பழந்தமிழ் நூல்கள் நெஞ்சில் இருத்தல் வேண்டும். நாகைப் பொத்தகக் கடையில் இருபதாண்டுகட்கு முன் நெட்டுருச் செய்த நூல்களே அன்று பல்லாவரத்துத் தோட்டத்தில் பேசின!

அதன்பின் நிகழ்ந்ததே அடிகளின் உண்மைப் பெருமை. ஊரைத் திருத்தப் புறப்படுமுன் அவர் தம்மைத் திருத்தினார். சுவாமி வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். ஞானசாகரம் அறிவுக்கடல் ஆயிற்று. சமரச சன்மார்க்க நிலையம் பொதுநிலைக் கழகம் ஆயிற்று. அம்மட்டோ? தாம் முன்னர் எழுதிப் புகழ்பெற்ற நூல்களையே மீண்டும் எடுத்து, கலந்திருந்த வடசொற்களைக் களைந்து, புதிய பதிப்புகளை வெளியிட்டார். பிறர் பிழையைத் திருத்துவது எளிது. தான் எழுதிய வரியைத் தானே அடிப்பது அரிது.

அவருடைய நூற்பெயர்களை வரிசையாக நோக்குக. 1911இல் வெளிவந்தது மரணத்தின்பின் மனிதர் நிலை. 1922இல் வந்தது யோகநித்திரை அல்லது அறிதுயில். 1933இல் வந்தது மக்கள் நூறாண்டு உயிர்வாழ்க்கை. 1935இல் வந்தது தொலைவில் உணர்தல். முதற்பெயரில் வடசொல் ஆட்சி. இரண்டாவதில் வடசொல்லும் தமிழ்ச்சொல்லும் அருகருகே. பின்னவற்றில் தமிழ் மட்டும். திருமாலின் துயிலைக் குறிக்கப் பண்டையோர் ஆண்ட 'அறிதுயில்' என்னும் சொல்லை ஒரு புதிய துறைக்கு அவர் எடுத்து வழங்கிய திறமும் கருதற்பாலது. ஒரு மாந்தரின் வளர்ச்சியை அவர் நூல்களின் முகப்பிலேயே படிக்கலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

அடிகளுக்கு நூலே செல்வம். பல்லாவரத்தில் மணிமொழி நூல்நிலையம் என்னும் பெயரில் தம் நூல்களைப் பேணினார். திருமுருகன் அச்சுக்கூடம் நிறுவித் தம் நூல்களை அச்சிட்டார். 15-9-1950இல் அவர் மறைந்தபோது விட்டுச்சென்ற நூல்கள் ஏறத்தாழ 4,000. மக்களுக்கே உரியவாக வேண்டும் என்னும் அவர் விருப்பப்படியே, சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தாரின் முயற்சியால் 1958இல் சென்னை இலிங்கிச் செட்டித் தெருவில் மறைமலையடிகள் நூலகம் தோன்றியது. பின்னாளில் அந் நூலகம் கன்னிமரா நூலகக் கட்டடத்திற்கு இடம்மாறிற்று. தம்மை ஆக்கிய நூல்களைத் தம்மோடு முடிக்காமல், அடுத்தவரை ஆக்குமாறு விட்டுச்சென்றார் அடிகள்.

அவையோரே! அடிகளுக்கு ஒரு கடையும் ஓராசிரியரும் வாய்த்ததே அரிய பேறு. இன்றோ கழக நூல்கள் மலிவுப் பதிப்புகளாகவும் மின்படிகளாகவும் வீடுதேடி வருகின்றன. தேடிக் கிடைக்காத நிலை போயிற்று. கிடைத்தும் படிக்காத நிலை வந்திருக்கின்றது. தமிழ் வாழ்க என்று முழங்குவோர் இல்லங்களில் திருக்குறளேனும் பிரிக்கப்படுகின்றதா? பெயர்ப்பலகையில் ஒரு வேற்றுச்சொல்லைக் கண்டால் சினப்போர் பலர். அச் சினம் நன்றே. ஆனால் களை பறித்த நிலத்தில் நாற்று நட வேண்டாவா? நடுவதற்குரிய சொற்கள் தொல்காப்பியத்திலும் குறளிலும் பத்துப்பாட்டிலும் எட்டுத்தொகையிலும் காத்துக் கிடக்கின்றன. படியாதவன் கையில் தனித்தமிழ் வெறும் களைக்கொட்டு. படித்தவன் கையிலேதான் அது பயிர்.

ஆதலின், அடிகளுக்கு எடுக்கும் விழா மாலையோடு முடியாதிருக்கட்டும். ஒவ்வொரு தமிழ் இல்லத்திலும் ஒரு சிறு நூலடுக்கு இருக்கட்டும். நாளொன்றுக்கு ஒரு குறளாயினும், கிழமைக்கு ஒரு பழம்பாட்டாயினும் பிள்ளைகளோடு அமர்ந்து படிக்கும் வழக்கம் வளரட்டும். தந்தை ஒரு சொல் கூற, மகள் ஒரு வினா எழுப்ப, மீண்டும் ஒரு தோட்டத்தில் மற்றுமோர் எழுச்சி தோன்றாது என்று யார் கூறவல்லார்?

நூல் கற்போம்! கற்றவாறு நம்மைத் திருத்துவோம்! திருந்திய நாவால் தமிழ் வளர்ப்போம்!

வாழ்க மறைமலையடிகள் புகழ்! வெல்க தனித்தமிழ்!