ஏழு பருவங்களுக்கு அப்பால்

(திருவிழா மகளிர் அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தமிழ்ப் பாட்டியல் நூல்கள் பெண்ணின் வாழ்நாளைப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என ஏழு பருவங்களாக வகுத்தன. பெரிதும் வழங்கும் கணக்கின்படி பேதைப் பருவம் 5 வயதில் தொடங்குகிறது. பேரிளம்பெண் பருவம் 32 வயதில் தொடங்கி 40-இல் முடிகிறது. அத்துடன் பட்டியலும் முடிந்துவிடுகிறது. உலா வரும் தலைவனைக் கண்டு மயங்கும் மகளிரை வரிசைப்படுத்தப் பயன்பட்ட கணக்கு அது. ஆகவே 41-ஆம் வயதில் அவள் என்ன ஆனாள் என்று கேட்க வேண்டிய தேவை புலவர்களுக்கு ஏற்படவில்லை.

புலவர்களைக் குறை கூறிப் பயனில்லை. இன்றைய இல்லங்களிலும் கணக்கு ஏறக்குறைய அங்கேதான் நின்றுவிடுகிறது. பிள்ளைகளின் படிப்பு, மகளின் திருமணம், மாமியாரின் மருந்து, கடையின் பாக்கி என எல்லாவற்றுக்கும் நாட்காட்டியில் இடம் உண்டு. அந்த வீட்டை நடத்தும் பெண்ணின் முழங்காலுக்கு மட்டும் இடம் இல்லை. தமிழகத்தில் 40 வயதைத் தொட்ட பெண் இன்னும் முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் வாழ்வாள் என எதிர்பார்க்கலாம். பெயரிடப்படாத அந்த நெடும் பருவத்தை அவள் எந்த உடலோடு கடக்கப்போகிறாள் என்பதே இவ்வுரையின் பொருள்.

ஏழு பருவங்களுக்கு அப்பாற்பட்ட பெண் ஒருத்தியைச் சிலப்பதிகாரம் காட்டத் தவறவில்லை. அவர் கவுந்தியடிகள். அவருடைய வயதை இளங்கோவடிகள் எண்ணிச் சொல்லவில்லை. ஆயினும் கோவலனையும் கண்ணகியையும் மக்களாகக் கருதி வழிநடத்தும் முதிர்ச்சி உடையவர் என்பது தெளிவு. தோளில் உறியும், கையில் பிச்சைப் பாத்திரமும் மயிற்பீலியும் ஏந்தி, புகாரின் புறத்தே இருந்த தவப்பள்ளியிலிருந்து அச்சமணத் துறவி மதுரை நோக்கிப் புறப்படுகிறார். மதுரை 30 காதத் தொலைவு. சிறிது தூரம் நடந்ததுமே மூச்சு வாங்க, மதுரை எங்குள்ளது என்று கேட்டவள் இளையவளாகிய கண்ணகி. செல்வ மனையில் வளர்ந்த அவளுக்கு நடை புதிது. அடிகளுக்கு அது அன்றாட வழக்கம். வழியில் உள்ள குழிகளையும், கால் இடறும் இடங்களையும், வயல் வரப்பில் நண்டும் நத்தையும் மிதிபடக்கூடும் என்பதையும் அவர் எடுத்துரைக்கும் பகுதியைப் பெரும்பாலோர் அறவுரையாக மட்டுமே படிக்கின்றனர். பார்த்துப் பார்த்து அடி வைத்து, நிலை தடுமாறாமல் நெடுந்தொலைவு நடக்கப் பழகிய ஓர் உடலின் அறிவும் அதில் இருக்கிறது.

இனி விருதுநகருக்கு வருவோம். வழிபாட்டுக் கூடங்களின் பின்வரிசையில் நெகிழி நாற்காலிகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் பெருகி வருவதை அனைவரும் காண்கிறார்கள். தரையில் அமர்ந்து 48 நிமிடம் சாமாயிகம் செய்தவர்கள், முழங்கால் மடித்து நிலம் தொட்டு வணங்கி மீண்டும் எழுந்தவர்கள், ஒருவர் பின் ஒருவராக நாற்காலிக்கு மாறுகிறார்கள். முன்பு எழுபது வயதில் நேர்ந்த இம்மாற்றம் இன்று ஐம்பதிலேயே நேர்கிறது. நாற்காலி கேட்பதில் இழிவு ஒன்றும் இல்லை. ஆனால் அது ஒரு செய்தி சொல்கிறது. அதைக் கேட்பார் இல்லை.

பிரேசில் நாட்டு மருத்துவர் கிளாடியோ கில் அராவுஜோவும் அவருடைய குழுவினரும் இச்செய்தியைக் கேட்டார்கள். 51 முதல் 80 வயது வரையுள்ள 2,002 பேரைத் தரையில் அமர்ந்து எழச் செய்தார்கள். அமர்வதற்கு 5 மதிப்பெண், எழுவதற்கு 5 மதிப்பெண். கையை ஊன்றினால் ஒன்று குறையும். முழங்காலை ஊன்றினாலும் ஒன்று குறையும். தள்ளாடினால் அரை குறையும். பின்னர் ஆறு ஆண்டுகளுக்கு மேல் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றவர்களிடையே இறப்பு பல மடங்கு மிகுந்திருந்தது. ஆய்வின் முடிவு 2012-இல் வெளிவந்தது. கை ஊன்றி எழுந்ததால் எவரும் இறப்பதில்லை. கால்களின் வலிமை, இடுப்பின் நெகிழ்வு, உடலின் சமநிலை ஆகிய மூன்றும் குன்றிவிட்டன என்பதற்கு அது அடையாளம், அவ்வளவே.

இம்மூன்றும் நடுவயதில் ஏன் விரைந்து குன்றுகின்றன? முப்பது வயதைக் கடந்ததும் பத்தாண்டுக்கு ஒருமுறை நூற்றுக்கு மூன்று முதல் எட்டுப் பங்கு வரை தசை கரையத் தொடங்குகிறது. இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது சராசரியாக 46, 47 வயதில். மேலை நாட்டுப் பெண்களுக்கு அது 51 வயதளவில் நிகழ்கிறது. ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைந்ததும் எலும்பின் அடர்த்தி விரைந்து குறைகிறது. கொழுப்பு இடுப்பிலிருந்து வயிற்றுக்கு இடம் பெயர்கிறது. உண்ணும் அளவு மாறாமலேயே இரவிக்கையின் தையலைப் பிரிக்க வேண்டி வருவது இதனால்தான். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019–21 ஆண்டுகளில் நடைபெற்றது. தமிழகப் பெண்களில் 40.4 விழுக்காட்டினர் மிகை எடை உடையவர்கள் என அது கண்டது. நான்காம் சுற்றில் அந்த எண் 30.9 ஆக இருந்தது. அதே ஐந்தாம் சுற்றில், பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இரத்தசோகை உடையவர்கள் என்பதும் தெரிந்தது. எடை கூடியிருக்கிறது, ஊட்டம் கூடவில்லை. ஒரே ஊரில், சில வேளைகளில் ஒரே உடலில், இவை இரண்டும் சேர்ந்து வாழ்கின்றன.

விருதுநகரின் எண்ணெய் புரோட்டாவையும் சாத்தூர் காராச்சேவையும் திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவையும் இந்த இடத்தில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது மேடைப் பேச்சுகளின் வழக்கம். அவற்றை விட்டுவிடலாம். திருநாளில் உண்ணும் ஒரு துண்டுப் பால்கோவா யாரையும் கெடுத்ததில்லை. அன்றாடத் தட்டில் எது குறைகிறது என்பதே பெரிய கேள்வி. பருப்பு, எண்ணெய், மல்லி, வற்றல் ஆகியவற்றின் விருதுநகர்ச் சந்தை விலையை நாளிதழ்கள் அச்சிடுகின்றன; தென் தமிழகத்துக் கடைக்காரர்கள் அதைப் பார்த்துக் கொள்முதல் செய்கிறார்கள். மூட்டை மூட்டையாகப் பருப்பு விற்கும் ஊரில், வீட்டுப் பெண்ணின் தட்டில் விழுவது கடைசிக் கரண்டித் தெளிந்த சாம்பார். ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரை. 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது ஏறத்தாழ 50 கிராம். 100 கிராம் பருப்பில் இருப்பதே 20 முதல் 25 கிராம்தான். அரிசியிலும் சிறிது உண்டு. பால், தயிரிலும் உண்டு. ஆயினும் இரண்டு வேளையேனும் கெட்டிப் பருப்போ, சுண்டலோ, முளைகட்டிய பாசிப்பயறோ தட்டில் இல்லாவிடில் 50 கிராம் கூடிவராது. கிழங்கை விலக்கிய சமையலில் அவ்விடத்தை மைதாவும் அரிசியும் பிடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது குடும்பத் தலைவியின் கையில் இருக்கிறது. கேழ்வரகு 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. எலும்பு மெலியும் வயதில் வாரம் மூன்று நாள் கேழ்வரகு அடை உண்பது நலம்.

நோன்பைப் பற்றியும் ஒரு சொல். கதிரவன் மறையுமுன் உண்டு முடிக்கும் ஒழுக்கம் உடலுக்கும் நன்மை தருவது; அதைக் காப்பவர்கள் பேறு பெற்றவர்கள். ஆனால் எட்டு நாள் உபவாசத்தை எடை குறைக்கும் வழியாக எண்ணத் தொடங்கியிருக்கும் இளைய தலைமுறைத் தாய்மார்கள் சற்றே நின்று சிந்திக்க வேண்டும். உணவின்றி இறங்கும் எடையில் கொழுப்பு மட்டும் போவதில்லை, தசையும் போகிறது. பாரணைக்குப் பின் எடை திரும்பும்போது பெரும்பாலும் கொழுப்பாகவே திரும்புகிறது. தவம் வினை நீக்கத்திற்கு உரியது. இடுப்புச் சுற்றளவுக்காகச் செய்வதைத் தவம் என்று அழைப்பது பொருந்தாது. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாத்திரை உண்பவர்கள் நோன்பு ஏற்கும் முன் மருத்துவரைக் கேட்டே ஆகவேண்டும்.

சிவகாசிப் பகுதியின் பெண்களை நினையாமல் இப்பொருளைப் பேசுதல் நிறைவாகாது. 'தீப்பெட்டி ஆபீஸ்', 'பயர் ஆபீஸ்' என்று ஊரார் சொல்லும் ஆலைகளுக்கு விடியற்காலையில் வண்டியேறிச் செல்லும் பெண்களுக்கு உடற்பயிற்சி எதற்கு, நாள் முழுதும் உழைக்கிறார்களே என்று கேட்பவர் உண்டு. உழைப்பு வேறு, உடல் இயக்கம் வேறு. இலண்டன் மாநகரப் பேருந்துகளை ஆராய்ந்த மருத்துவர் ஜெரமி மாரிஸ் 1953-இல் ஒன்றை வெளியிட்டார். நாள் முழுதும் அமர்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, மாடிப்பேருந்தின் படிகளில் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவு. இருவரும் உழைப்பாளிகளே, ஒரே பேருந்து, ஒரே புகை. குழாய் சுருட்டுபவளும் பெட்டி ஒட்டுபவளும் அந்த ஓட்டுநரின் நிலையில் இருக்கிறார்கள். விரல்கள் ஓயாது இயங்குகின்றன. இடுப்புக்குக் கீழே எட்டு மணி நேரம் அசைவில்லை. எண்ணிக்கைக்குக் கூலி என்பதால் எழுந்து நடக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவளுக்கு நட்டம். ஐம்பது வயதில் முதுகு கூனி, முழங்கால் தேய்ந்து வீட்டில் அமரும் அவளுக்கு மைதானத்தில் நடக்கச் சொல்லும் அறிவுரை போதாது. மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம், கூலி குறையாமல் எழுந்து நடக்க இடம் கொடுப்பது முதலாளிமாரின் கையில் உள்ளது. அச்சகங்களையும் கடைகளையும் நடத்துவோர் இந்த அரங்கிலும் இருக்கிறார்கள்.

போனது போனதுதானா என்ற ஐயம் எழலாம். பாஸ்டன் நகரின் முதியோர் மருத்துவமனை ஒன்றில் 86 முதல் 96 வயது வரையுள்ள பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடை தூக்கும் பயிற்சி அளித்துப் பார்த்தார்கள். கால்களின் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது என 1990-இல் அறிவித்தார்கள். தொண்ணூறில் திரும்பும் வலிமை ஐம்பதில் திரும்பாதா? நம் நாட்டிலேயே கோவை நானம்மாள் தொண்ணூறைக் கடந்தும் யோகாசனம் கற்பித்தார். 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2019-இல் தம் 99-ஆம் வயதில் மறைந்தார். ஈழத்து முல்லைத்தீவைச் சேர்ந்த அகிலத்திருநாயகி 72 வயதில் பிலிப்பைன்சில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டியில் தங்கம் வென்று 2023-இல் செய்தியானார். பதக்கம் எல்லாருக்கும் வேண்டியதில்லை. பேரக்குழந்தையைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு எழ முடிந்தால் போதும்.

உலக நலவாழ்வு நிறுவனம் 2020-இல் கூறியது இது: வாரத்தில் குறைந்தது 150 நிமிடம் சற்று வேகமான நடை, அதனுடன் இரண்டு நாளேனும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. நடையை அனைவரும் அறிவார்கள். விருதுநகர் வெயிலில் காலை ஆறு மணிக்கு முன்போ, மாலை உணவுக்குப் பின்போ நடக்கலாம். இரண்டாவது பாதியைத்தான் பெண்கள் விட்டுவிடுகிறார்கள். அதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. கடையில் கட்டிய இரண்டு கிலோ பருப்புப் பொட்டலங்கள் இரண்டு, கைக்கு ஒன்றாகப் போதும். அவற்றைத் தோள் வரை தூக்கி இறக்கலாம். சுவரில் கை வைத்து உடலைத் தள்ளி மீளலாம். பின்வரிசை நாற்காலியில் அமர்ந்து, கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து அமரலாம்.

இதற்கு வேண்டிய அரைமணி நேரத்தை யார் தருவது என்பதே மிகக் கடினமான பகுதி. அந்த அரைமணியில் காபி போட வேண்டியவர் வேறொருவராக இருக்க வேண்டும். கணவர்மார் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், மறுநாள் காலையில் அடுப்பைப் பற்றவைக்கவும் கற்றுக்கொள்ளட்டும். மனைவி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் பல மாதம் அடுப்பைப் பற்றவைக்கப் போவதும் அவர்கள்தாம்.

தொடங்கும் முன் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்வது நல்லது. நடக்கும்போது மார்பு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்தி மருத்துவரிடம் செல்ல வேண்டும். முழங்கால் தேய்மானம் உடையவர்கள் தரையில் அமர்ந்து எழும் பயிற்சியை முதல் நாளே செய்து பார்க்க வேண்டாம். முதலில் உயரமான நாற்காலி. ஒரு மாதம் கழித்துத் தாழ்ந்த மணை. அதன் பின் தரை. தரைக்கு வந்த பிறகும் சில வாரங்கள், கை எட்டும் தொலைவில் கனமான மர நாற்காலி ஒன்று இருக்கட்டும்.