வினாவும் விடையும்

பேட்டி காண்பது ஒரு கலை. பொதுவாழ்வில் உள்ளோர் சிலர் அதனை மேடையாகக் கருதுவர். சிலர் பொறியென அஞ்சுவர். அச்சத்திற்குக் காரணம் உண்டு. கண்டியை அடுத்த அக்குறணைத் தொகுதியிலிருந்து 1960இல் பாராளுமன்றம் புகுந்த ஏ. சி. எஸ். ஹமீத், 1977 முதல் 1989 வரை இலங்கையின் வெளிநாட்டமைச்சராக விளங்கினார். அத்தகைய பதவியிலுள்ளவர் வாய்தவறிக் கூறும் ஒரு சொல்லையும் அயலார் நாட்டின் சொல்லாகவே கொள்வர். ஆகவே அளந்து பேசுதல் அவர் கடமை.

மக்களுக்குரிய விடையைப் பெற்றுத் தருதலோ பேட்டியாளர் கடமை. இவ்விரண்டும் மோதுமிடத்தில் பகையும் உதவாது, புகழ்ச்சியும் உதவாது. பொருளை முன்னரே கற்று, சுருங்கக் கேட்டு, விடை முடியுமட்டும் பொறுத்திருத்தல் வேண்டும். விடை மழுப்பலாயின், பணிவோடு அதே வினாவை மீண்டும் தொடுத்தல் வேண்டும். அப்பொழுதும் விடை வாராதாயின், அதன் காரணத்தைக் கேட்போரே உய்த்துணர்ந்துகொள்வர்.