தத்துவமும் அரசியலும் ஒருசேரக் கற்போம்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



மருத்துவம் படி, பொறியியல் படி, ஆசிரியப் பயிற்சி பெறு என்று நம் பிள்ளைகளுக்கு நாம் இத்தனை ஆண்டுகளாகச் சொல்லி வந்தோம். அது தவறன்று. அடுப்பு எரியாத வீட்டில் முதல் தேவை மாதச் சம்பளமே. ஆயினும் அந்த வேலைக்கும் படிப்புக்கும் வழி திறந்துவிட்ட சட்டங்களை எழுதுவோர் யார், அவற்றிற்குப் பொருள் சொல்வோர் யார் என்ற வினா நம் முன் நிற்கிறது. அவ்வினாவிற்கு விடையாகவே, தத்துவத்தையும் அரசியலையும் இணைத்துப் பயிலும் பட்டப்படிப்பைப் பற்றி இன்று பேச விழைகிறோம்.

இங்கிலாந்தில் நாட்டை ஆள வேண்டியவர்கள் என்று கருதப்பட்ட இளைஞர்கள், ஒரு காலத்தில் கிரேக்க, இலத்தீன் நூல்களையும் பழம் வரலாற்றையும் தத்துவத்தையும் பயின்றனர். புதிய காலத்திற்கு அது போதாது என உணர்ந்த ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம், 1920-இல் தத்துவம், அரசியல், பொருளாதாரம் ஆகிய மூன்றையும் ஒரே பட்டத்தில் இணைத்தது. ஹெரால்டு வில்சன், எட்வர்டு ஹீத், டேவிட் கேமரூன், ரிஷி சுனக் எனப் பிரதமர்கள் பலர் அப்படிப்பைப் படித்தவர்களே. பாகிஸ்தானின் பிரதமராக இருந்த பேநசீர் பூட்டோவும் அதையே படித்தார். ஆள்வோர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆட்சிக்கு வழிகாட்டும் கல்வி, ஆளப்படுவோர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் பயனற்ற கல்வியாகிவிடுமா? எண்ணிப் பாருங்கள்.

நமக்கு இது புதிய வழியுமன்று. பரோடா மன்னரின் உதவித்தொகையுடன் 1913-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்திற்குச் சென்ற அண்ணல் அம்பேத்கர், மூன்று ஆண்டுகளில் பொருளாதாரத்தில் 29 பாடங்களும், வரலாற்றில் 11-உம், சமூகவியலில் 6-உம், தத்துவத்தில் 5-உம், மானிடவியலில் 4-உம், அரசியலில் 3-உம் பயின்றார். அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர்களுள் ஒருவர் தத்துவ அறிஞர் ஜான் டூயி. மக்களாட்சி என்பது வாக்குப் பெட்டியோடு முடிவதன்று, அது மனிதர் கூடி வாழும் முறை என்ற டூயியின் சிந்தனையை, சாதியால் பிளவுண்ட இந்தியச் சமுதாயத்தின் மீது வைத்து உரைத்துப் பார்த்தவர் அண்ணல். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அவர் விடுத்த எச்சரிக்கை அதன் விளைச்சலே. அரசியலில் சமத்துவமும் சமூக, பொருளாதார வாழ்வில் ஏற்றத்தாழ்வும் ஒன்றாக நீடித்தால் மக்களாட்சியே ஆபத்திற்குள்ளாகும் என்றார். 1954-இல் வானொலியில் பேசியபோது, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் ஆகிய தம் கொள்கையைப் பிரெஞ்சுப் புரட்சியிடமிருந்தன்று, புத்தரிடமிருந்தே பெற்றதாக அறிவித்தார். சட்டத்தை எழுதிய கை அதன் வேரை அறத்தில் தேடியது.

தமிழ் மண்ணிலும் அவ்வாறே. 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய பண்டிதர் அயோத்திதாசர், ஒரே ஏட்டில் பௌத்த தன்மத்தையும் எழுதினார், ஆட்சியாளரின் செயல்களையும் ஆராய்ந்தார். இரண்டும் வெவ்வேறு துறைகள் என அவர் கருதவில்லை.

இவ்விரண்டும் ஏன் பிரியலாகாது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையை உச்ச நீதிமன்றம் 1951-இல் செண்பகம் துரைராசன் வழக்கில் செல்லாததாக்கியது. அதே ஆண்டில் முதல் சட்டத்திருத்தம் வந்தது. 15(4) பிரிவு பிறந்தது. இது அரசியல் பாடம். ஆனால் அதன்பின்னும், இடஒதுக்கீடு என்பது சமத்துவத்திற்கு ஒரு விதிவிலக்கு, ஏதோ இரக்கப்பட்டுத் தந்த சலுகை என்னும் எண்ணம் நீங்கவில்லை. கேரளத்தில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி எழுத்தர்களுக்குத் துறைத் தேர்வு எழுதக் கூடுதல் காலம் தந்தது பற்றிய தாமஸ் வழக்கில், 1975-இல் உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை வேறு வழி சென்றது. சமமற்றோரைக் கைதூக்கிவிடுவது சமத்துவத்தின் விலக்கன்று, அதன் ஒரு கூறே என்ற பார்வை அங்கே வலுப்பெற்றது. வேலையில் சம வாய்ப்பைக் கூறும் 16-ஆம் பிரிவின் சொற்கள் மாறவில்லை. சமத்துவம் என்றால் என்ன என்ற விளக்கம் மாறியது. அவ்விளக்கத்தைத் தேடுவது தத்துவப் பாடம். அரசியல் மட்டும் கற்றவன் பிரிவின் எண்ணைச் சொல்வான். தத்துவம் மட்டும் கற்றவன் நீதியைப் பற்றி அழகாகப் பேசுவான். 'தகுதி' என்ற சொல்லைக் கேடயமாக ஏந்தி வருவோருக்கு விடையளிக்க இரண்டும் வேண்டும்.

"இதைப் படித்தால் சோறு கிடைக்குமா?" என்று பெற்றோர் கேட்பர். நியாயமான கேள்வி. இப்பட்டம் பெற்றவர் மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேரலாம். முதுகலை பயின்று, தேசியத் தகுதித் தேர்வு எழுதிக் கல்லூரி ஆசிரியராகலாம். குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் அரசியலமைப்பும் ஆட்சிமுறையும் இடம்பெறுகின்றன. 2013 முதல் அறவியலுக்கு 250 மதிப்பெண் கொண்ட தனித்தாளும் உண்டு. எனினும் பட்டம் வாங்கிய மறுநாளே வேலை என்று நாம் பொய் சொல்ல மாட்டோம். நீண்ட பாதை இது. அந்த ஆண்டுகளில் பிள்ளையின் செலவைத் தாங்க ஒருவர் வேண்டும், அதற்குத்தான் சங்கம்.

இன்னொன்றையும் மறைக்கலாகாது. மேல்நாட்டில் படிக்க நம் மாணவர்க்கு உதவும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைத் திட்டத்தில், 2022-இல் ஒரு விதி புகுத்தப்பட்டது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு உதவி இல்லை என்றது அது. 1916 மே மாதம் கொலம்பியாவில் இந்தியச் சாதிகளின் தோற்றம் பற்றி அண்ணல் கட்டுரை படித்தார். இத்தகைய விதி அன்று அவரைக் கட்டியிருந்தால் அக்கட்டுரை என்னவாகியிருக்கும்? உலகை ஆராயலாம், உன் சேரியை மட்டும் ஆராயாதே என்று சொல்லப்படுகையில், எந்தக் கல்வி நமக்குத் தேவை என்பது தானே விளங்கும்.

ஆகவே செய்ய வேண்டியவை சில. தமிழ்நாட்டில் தத்துவத்தை முதன்மைப் பாடமாகக் கற்பிக்கும் கல்லூரிகள் மிகச் சிலவே. அங்கே இடம் பெறுவோர் அரசியலைத் துணையாகக் கற்கட்டும். மற்றையோர் அரசியலை முதன்மையாகக் கொண்டு தத்துவத்தைத் தாமே பயிலட்டும். இரண்டையும் இணைத்த பட்டம் கிடைக்கும் பல்கலைக்கழகங்களுக்கு, பன்னிரண்டாம் வகுப்பிலேயே விண்ணப்பிக்கத் தயாராகட்டும். சங்க நூலகத்தில் வாரம் ஒருநாள் மாலை ஒரு நூலை எடுத்து, ஒருவர் படிக்க மற்றவர் வினா எழுப்பும் வாசிப்பு வட்டம் நடக்கட்டும். ஆண்டுக்கு இருவருக்கேனும் இத்துறைக்கெனத் தனி உதவித்தொகை ஒதுக்குமாறு நிர்வாகக் குழுவைப் பணிவுடன் வேண்டுகிறோம்.

நம் முன்னோர்க்கு எழுத்து மறுக்கப்பட்டது. நாம் எழுத்தைப் பெற்றோம். பின்னர்ப் பட்டமும் பெற்றோம். எது நீதி என்று பொருள் உரைக்கும் இடம் இன்னும் பெரும்பாலும் பிறர் கையிலேயே இருக்கிறது. பொன் விழாவில் இம்மேடையில் நின்று பேசுபவர், அந்த இடத்திலிருந்து வந்த நம் பிள்ளையாக இருக்கட்டும்.

வாழ்க அண்ணல் அம்பேத்கர் புகழ்!