திறந்த கோப்புக்குப் பூட்டு ஏன்?
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

    

இலக்கியம் மணக்கும் இம்மேடையில் கணினிக் கோப்பைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறோம். இரயில்வே குமாஸ்தாவாகிய நாம் நாள்தோறும் கையாளும் பொருள் அதுவே. அறிந்ததைச் சொல்வதால், குறை காணினும் பொறுத்தருள்வீர்கள் என்று நம்புகிறோம்.

அலுவலகங்களில் பணியாற்றும் அன்பர்கள் இதனைக் கண்டிருப்பீர்கள். பலருக்கும் பொதுவான கோப்புறையில் உள்ள எக்செல் பட்டியல் ஒன்றைத் திறக்கப் போகிறோம். ‘இக்கோப்பை இன்னார் திருத்திக்கொண்டிருக்கிறார், ஆகையால் பூட்டப்பட்டுள்ளது’ என்னும் கருத்துடைய அறிவிப்புத் திரையில் தோன்றுகிறது. மேலதிகாரி காத்திருக்கிறார்; நமக்கோ சினம் மூள்கிறது. ‘நம் பட்டியலை நாமே திருத்துவதற்குத் தடையா?’ என்று கேட்கிறோம். அத்தடை ஏன் வேண்டும் என்பதைச் சற்றே ஆராய்வோம்.

தாளில் எழுதும் பேரேட்டில் இருவர் ஒருங்கே எழுத முயன்றால் கைகள் மோதும். ஆனால் எழுதிய எழுத்து அழியாது. கணினியில் நிலைமை வேறு. நாம் கோப்பைத் திறந்ததும், மென்பொருள் அதிலுள்ளதைப் படித்து, ஒரு படியைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. நாம் திருத்துவது அந்தப் படியைத்தான். சேமிக்கும்போது பழைய கோப்பின் இடத்தில் அந்தப் படி முழுவதும் வந்து அமர்கிறது. பூட்டு இல்லை என்று வைத்துக்கொள்வோம். காலை 10 மணிக்கு இருவர் ஒரே பட்டியலைத் திறக்கின்றனர். முன்னவர் 10.30க்கும், பின்னவர் 11 மணிக்கும் சேமிக்கின்றனர். முடிவில் எஞ்சுவது பின்னவருடைய படி ஒன்றே. முன்னவரின் உழைப்பு சுவடின்றி மறைந்துவிடும். மறைந்தது என்று சொல்வாரும் இலர், அதுவே பெருந்தீங்கு.

இத்தீங்கைத் தடுக்கவே பூட்டு ஏற்பட்டது. வேர்டு ஏட்டை ஒருவர் திறந்ததும், அதே கோப்புறையில் மறைவாக ஒரு சிறு கோப்பு உண்டாகிறது. அதன் பெயர் அலைக்குறியும் டாலர் குறியுமாகத் தொடங்கும். அதனுள் திறந்தவரின் பெயர் இருக்கும். லிப்ரே ஆபிஸ் என்னும் மென்பொருளும் இத்தகைய அடையாளக் கோப்பு ஒன்றைப் படைத்துக்கொள்கிறது. அடுத்து வருபவர் ஏட்டைப் படிக்கலாம். மூலத்தில் எழுத இயலாது. முன்னவர் மூடியதும் அடையாளக் கோப்பு நீங்கும், வழியும் திறக்கும்.

இரயில்வே ஊழியருக்கு இம்முறை புதிதன்று. ஒற்றை இருப்புப்பாதையில் எதிரெதிரே இரு வண்டிகள் வந்தால் விளைவு என்ன? 1874ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நார்விச் நகருக்கு அருகே தோர்ப் என்னுமிடத்தில் அவ்வாறே நேர்ந்து, 25 பேர் மாண்டனர். அதன் பின்னர் எட்வர்டு டயர் என்பவர் 1878இல் மின்வில்லைக் கருவியை அமைத்தார். நம் நாட்டில் நெடுங்காலம் வழங்கிய நீல் பந்து டோக்கன் கருவியும் அக்கொள்கை உடையதே. இரு நிலையங்களின் கருவிகளும் மின்கம்பியால் இணைந்திருக்கும். ஒரு பந்தை வெளியே எடுத்துவிட்டால், அதனை ஏதேனும் ஒரு முனையில் மீண்டும் இடும் வரையில் மற்றொரு பந்து வெளிவராது. பந்து யாரிடம் உள்ளதோ அவருக்கே பாதை. கோப்பின் பூட்டும் அத்தகைய டோக்கனே ஆகும்.

இதனை அறிந்திருந்தும் நாமே ஒருமுறை தவறினோம். அலுவலகத்தில் பணிமுறைப் பட்டியலை நண்பர் ஒருவர் திறந்து வைத்திருந்தார். காத்திருக்க மனமில்லாத நாம், அதன் நகல் ஒன்றை எடுத்துத் திருத்தினோம். மாலையில் அவர் மூடிச் சென்றதும், நம் நகலை மூலத்தின் இடத்தில் வைத்துவிட்டோம். பூட்டை உடைக்கவில்லை, சுவரேறிக் குதித்தோம்! அன்று அந்நண்பர், பாயிண்ட்ஸ்மேன் ஒருவருக்குத் தம் மகளின் நிச்சயதார்த்தத்தின் பொருட்டு இரண்டு நாள் விடுப்பைப் பதிந்திருந்தார். நம் நகலில் அது இல்லை. முந்தின இரவு அம்மனிதர் வந்து, “ஐயா, நாளைக்கு என்னை இரவுப் பணியில் போட்டிருக்கிறதே!” என்று நின்றபோது நாம் நாணித் தலைகுனிந்தோம். மாற்றாள் கிடைத்ததால் அன்று அவர் ஊர் சென்றார். கிடைத்திராவிடில் அப்பெண்ணின் தந்தைக்கு நாம் என்ன விடை கூறியிருப்போம்?

பூட்டிலும் குறை உண்டு. மின்சாரம் நின்றோ கணினி செயலிழந்தோ போனால், அடையாளக் கோப்பு நீங்காமல் தங்கிவிடும். எவரும் திறவாத ஏட்டையும் பூட்டியதாகவே காட்டும். அப்பொழுதும் அதை உடனே அழித்தல் கூடாது. திரையில் தோன்றும் பெயருக்குரியவரை அழைத்து, “ஐயா, தாங்கள் திறந்து வைத்திருக்கிறீர்களா?” என்று கேட்டறிதல் வேண்டும். ஏட்டைத் திறந்து வைத்துவிட்டு உணவருந்தச் செல்வதும் தவறே. டோக்கனைப் பையில் போட்டுக்கொண்டு வீடு செல்வது போன்றது அது.

இக்காலத்தில் ஒரே ஏட்டில் பலர் ஒருங்கே எழுதும் வசதியும் வந்துள்ளது. 2006இல் தோன்றிய கூகுள் டாக்ஸில் அது உண்டு. இணையச் சேமிப்பில் வைத்த வேர்டு, எக்செல் ஏடுகளிலும் உண்டு. அங்கே ஏடு முழுவதையும் மாற்றி வைப்பதில்லை. ‘இவ்விடத்தில் இவ்வெழுத்து’ என ஒவ்வொரு சிறு திருத்தமும் உடனுக்குடன் அனுப்பப்பட்டு, ஒன்றோடொன்று இணைக்கப்படுகிறது. ஆதலின் அங்குத் தனிப் பூட்டின் தேவை குறைகிறது. ஆனால் அலுவலகப் பொதுக் கோப்புறையில் பழைய முறையில் உள்ள பட்டியல்களுக்குப் பூட்டே காவல்.

ஆகவே அன்பர்களே! பூட்டு நம்மை அவமதிப்பதற்கு அன்று; நமக்கு முன் அமர்ந்து எழுதுகின்றவரின் உழைப்பைக் காப்பதற்கே. நாளை நாம் எழுதும்போது அது நம்மையும் காக்கும். சங்கத்தின் உறுப்பினர் பட்டியலும் கணக்கும் கணினி ஏறிவிட்ட இந்நாளில், சற்றே காத்திருக்கும் பண்பை நாம் அனைவரும் கைக்கொள்வோமாக!