மீள்வதும் மீட்பதும்

சென்னையின் வடக்கே, மணலியை அடுத்து, கொசஸ்தலையாற்றின் தாழ்நிலத்தில் அமைந்த ஊர் சடையங்குப்பம். 2015-ஆம் ஆண்டிலும் 2021-ஆம் ஆண்டிலும், பெருமழையோடு பூண்டி நீர்த்தேக்கத்திலிருந்து திறக்கப்பட்ட நீரும் சேர்ந்து இவ்வட்டாரத்தைச் சூழ்ந்தது. மக்களைப் படகுகளில் ஏற்றி மீட்டனர். வெள்ளம் வடிந்தபின், "ஊர் மீண்டது" எனச் சொல்வது நம் வழக்கம். 'மீட்டனர்', 'மீண்டது' என்னும் இவ்விரு சொற்களும் ஒரே வேரில் பிறந்தவை. ஆயினும் பொருளால் வேறானவை. அவ்வேறுபாட்டை இன்று காண்போம்.

'மீள்' என்பதே வேர். ஒருவன் தானே திரும்பி வருவது தன்வினை: மீள்கிறான், மீண்டான், மீள்வான். பிறிதொன்றைத் திரும்பக் கொணர்ந்து காப்பது பிறவினை: மீட்கிறான், மீட்டான், மீட்பான். நாம் நாள்தோறும் வழங்கும் 'மீண்டும்' என்ற சொல்லும் இவ்வேரின் கிளையே. இங்கு மாணவர்கள் ஒன்றை மறத்தலாகாது. அடகு வைத்த நகையை 'மீட்டான்' என்க. வீணையை 'மீட்டினான்' என்க. இரண்டையும் மயங்க எழுதுதல் பிழை.

புதிதாக ஒன்றைப் பெறுவது மீட்பு ஆகாது. முன்னர் நம் காவலில் இருந்து, பின்னர் நம்மை விட்டு நீங்கியதையே மீட்கிறோம். அதற்கு வினை செய்வோன் ஒருவன் வேண்டும். அவன் கொடுக்கும் விலையும் வேண்டும். நகைக்கு விலை முதலும் வட்டியும். பழந்தமிழர் வாழ்வில் அவ்விலை உயிராகவும் இருந்தது. பகைவர் கவர்ந்து சென்ற ஆநிரையை மீட்கச் சென்ற வீரர் கரந்தைப் பூவைச் சூடினர். தொல்காப்பியம் வெட்சித் திணையுள் அடக்கிய இச்செயலைப் புறப்பொருள் வெண்பாமாலை கரந்தை எனத் தனித்திணையாகவே வகுத்தது. மீட்கும் போரில் வீழ்ந்தோர்க்கு ஊரார் நடுகல் நாட்டினர்.

இனி, கொசஸ்தலையாறு கடலொடு கலக்கும் எண்ணூருக்கு வருவோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவும் அக்கழிமுகத்தில் பரவியது. படகும் வலையும் கறுத்தன. அலையாத்தி மரங்களிலும் எண்ணெய் படிந்தது. மீனவர்கள் தம் படகுகளிலேயே சென்று, எண்ணெயை வாளிகளால் அள்ளிப் பீப்பாய்களில் நிரப்பினர். "கழிமுகம் மீண்டது" என்று எழுதினால் அக்கைகள் வாக்கியத்திலிருந்து மறைந்துவிடும். "மீட்டனர்" என்று எழுதினாலோ, யார் மீட்டனர், எதை மீட்டனர், எவ்வளவு இன்னும் மீட்கப்படவில்லை என்ற வினாக்கள் தாமே எழும்.

ஆதலின், நண்பர்களே, ஓர் ஊரின் துயரைப் பற்றி எழுதும்போது வினைச்சொல்லை ஆய்ந்து தேர்க. நீர் தானே வடியும். அதற்கு 'மீள்' போதும். நனைந்த புத்தகங்களும் இடிந்த சுவர்களும் இழந்த தொழிலும் தாமே திரும்பா. அவற்றை ஒருவர் மீட்டாக வேண்டும். அவ்வொருவர் யார் என்று சொல்வதே எழுதுவோர் கடமை.