சுண்ணாம்புச் சத்து மாத்திரை யாருக்கு வேண்டும்?

(உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நிலக்கடலைக்கு 40-45ஆம் நாளில் ஜிப்சம் இட்டு மண் அணைக்கச் சொல்கிறோம். மண்ணுக்குள் இறங்கிய விழுதும் இளங்காயும் தமக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்தே நேராக எடுத்துக்கொள்கின்றன. அங்கே அது குறைந்தால் பொக்குக் காய்தான் மிஞ்சும். சுண்ணாம்புச் சத்து போதுமான அளவு உள்ள நிலத்தில் அதற்காக ஜிப்சம் இட வேண்டியதில்லை. நாம் விழுங்கும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் ஏறக்குறைய இப்படித்தான்.

பயிரைப் பற்றிப் பேச வந்தவன் மாத்திரைக்குப் போவானேன் என்று நினைப்பீர்கள். ஊர்களில் முழங்கால் வலிக்குப் பெரியவர்கள் இதைக் கடையில் கேட்டு வாங்கித் தின்கிறார்கள். அவசியம் சாப்பிட வேண்டிய கர்ப்பிணிப் பெண்ணோ, பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும் என்று பயந்து பரணில் போட்டுவிடுகிறாள்.

கர்ப்ப காலத்தில் சிலருக்கு இரத்த அழுத்தம் ஏறுகிறது. முற்றினால் வலிப்பு கண்டு தாயும் சேயும் உயிரிழக்க நேரிடும். உணவில் சுண்ணாம்புச் சத்து குறைவாக உள்ள பெண்களுக்கு மாத்திரை கொடுத்தால் இந்த ஆபத்து குறைகிறது என்பதற்கு நல்ல சான்று உண்டு. நம் நாட்டில் 14ஆம் வாரம் முதல் நாளுக்கு 500 மில்லி கிராம் மாத்திரை 2 தருகிறார்கள்; பிரசவத்துக்குப் பின் 6 மாதம் வரை தொடர வேண்டும். பெங்களூரிலும் தான்சானியாவிலும் முதல் முறை கருவுற்ற தலா 11,000 பெண்களிடம் செய்த சோதனைகள் 2024இல் வெளிவந்தன. இரத்த அழுத்த நோயைத் தடுப்பதில் நாளுக்கு 500 மில்லி கிராம், 1,500 மில்லி கிராமுக்குச் சளைக்கவில்லை. அதற்காக நீங்களாகவே அளவை மாற்ற வேண்டாம். செவிலியர் சொன்னபடியே சாப்பிடுங்கள்.

முதியோர் விஷயம் வேறு. அமெரிக்காவில் மாதவிலக்கு நின்ற 36,282 பெண்களை வைத்து ஏறத்தாழ 7 ஆண்டுகள் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு நாள்தோறும் 1,000 மில்லி கிராம் சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் டியும் கொடுத்தார்கள். 2006இல் முடிவு வந்தது. இடுப்பெலும்பின் அடர்த்தி சற்றுக் கூடியது. ஆனால் எலும்பு முறிவு உறுதியாகச் சொல்லும்படி குறையவில்லை. சிறுநீரகக் கல் 17 சதவீதம் கூடியது. முழங்கால் வலியோ பெரும்பாலும் மூட்டுக் குருத்தெலும்பு தேய்வதால் வருவது. இந்த மாத்திரை அதைத் தீர்க்காது. எலும்பு மெலிவுக்கென்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் நிறுத்தாதீர்கள்.

பெரியவர்களுக்கு நாளுக்கு 1,000 மில்லி கிராம் தேவை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 360, அதே அளவு பசும்பாலில் சுமார் 120 மில்லி கிராம் இருக்கிறது. கேழ்வரகை முளைகட்டினால் சத்து இன்னும் நன்றாகச் சேரும். விளைந்த கேழ்வரகை மூட்டையோடு விற்றுவிட்டு மாத்திரைக்குச் செலவழிப்பது எனக்கு வேடிக்கையாகவே இருக்கிறது. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் பால், மோரை ஒதுக்குவதும் சரியல்ல. உணவில் வரும் சுண்ணாம்புச் சத்து கல்லைக் கூட்டுவதில்லை.

கர்ப்பிணிகளுக்கு இன்னொன்று. இரும்புச் சத்து மாத்திரையையும் இதையும் ஒரே வேளையில் விழுங்கக் கூடாது. சுண்ணாம்புச் சத்து இரும்பைச் சேரவிடாது. இதை உணவோடும், அதை வேறு வேளையிலும் சாப்பிடுங்கள்.